மீராசாஹிபு நேரில் வரவேண்டும்

அத்தியாயம் பதினேழு

"போய், அவர் மவுத்தாகிட்டார் எண்டு சொல்லிட்டு வா மகள்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தாய் ஹாஜறா உம்மா சொன்ன அந்த ஒரு வரி, செவ்வாய்க்கிழமை காலையிலும் நதீராவின் காதை விட்டுப் போகவில்லை. மரணத்தைச் சொல்லும் அந்த மவுத்து, இருபது வருடமாக அந்த வீட்டில் எவரும் சொல்லத் துணியாத சொல். கடைசியில் சொல்லவேண்டியவளே சொல்லிவிட்டாள்.

நதீராவின் வாப்பா மீராசாஹிபு கல்முனைப் பெரிய வீதியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். 2004 டிசம்பர் இருபத்தாறு, பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை பூட்டு. "நல்ல கீரி மீன் பட்டிருக்காம்" என்று அடையாள அட்டையைக்கூட மேசையில் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனார். பிறகு கடல் வந்தது. அவர் வரவில்லை. அடக்கம் பண்ண மையித்தும் கிடைக்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் கரையோரம் முழுக்க மரணச் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லாரும் வரிசையில் நின்று எடுத்தார்கள். உம்மா எடுக்கவில்லை. இத்தாவும் இருக்கவில்லை. புருஷன் மவுத்தானால் ஒருத்தி வெள்ளை உடுத்து, நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். உம்மாவோ பச்சையும் ஊதாவுமாகச் சேலை உடுத்திக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் "இன்னும் வரல்ல" என்று பதில் சொன்னாள். ஊர் முதலில் முணுமுணுத்தது. பிறகு பரிதாபப்பட்டது. பிறகு மறந்துவிட்டது.

மறக்காதது வரிக் கந்தோர் மட்டும்தான்.

இந்த வருடம் அந்த அரசாங்க அலுவலகத்தில் இருந்து மீராசாஹிபுவின் பெயருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. முதல் இரண்டையும் உம்மா யாருக்கும் காட்டாமல், அலுமாரியில் அவருடைய சேர்ட்டுகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துவிட்டாள். இருபது வருடத்தில் அவருக்கு ஒரு கடிதம் எழுதியது அரசாங்கம்தானே! மூன்றாவது பதிவுத் தபாலில் வந்ததால் நதீராவின் கையில் அகப்பட்டது. முழுவதும் சிங்களம். தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு ரீச்சரிடம் கொடுத்து வாசிக்க வேண்டியிருந்தது. ஜூலை பதினேழாம் திகதி வியாழக்கிழமைக்குள் மீராசாஹிபு அடையாள அட்டையுடன் நேரில் வரவேண்டும். வராவிட்டால் வழக்கு.

வழக்கு என்ற சொல்தான் உம்மாவை அசைத்தது.

"கோட்டு வாசல்ல மூண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாமே?"

"ஓம் உம்மா."

"அவர்ர பேர அப்படிக் கூப்பிடக் கூடாது. கடக்கரையில நான் கூப்பிட்டதே போதும்."

அதற்குப் பிறகுதான் அந்த வரியைச் சொன்னாள். திங்கட்கிழமை ஒரு சமாதான நீதவானின் வீட்டுக்குப் போய், தன் கணவர் கடலில் மவுத்தாகிவிட்டார் என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்தும் வைத்தாள். இப்போது அது நதீராவின் கைப்பைக்குள் இருந்தது.

"வரக்குள்ள பஸார்ல வெள்ளைத் துணி எடுத்துட்டு வா" என்றாள் உம்மா, வாசல்வரை வந்து. "நீ கடதாசியக் குடுத்துட்டு வந்தா இண்டைக்குப் பொழுதுபட்டு மஃரிபோட நான் இத்தாவுல இருந்திருவன்."

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் நதீராவுக்குப் பயமாக இருந்தது.

*

வரிக் கந்தோர் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. காலை எட்டரைக்குப் போனவளுக்குக் கிடைத்த டோக்கன் அறுபத்தொன்று. அப்போதுதான் நாலாம் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாலமுனையில் இருந்து வந்த ஒரு படகுக்காரர், தனக்கு எதற்காகக் கடிதம் வந்தது என்று கேட்பதற்காக மூன்றாவது நாளாக வந்திருந்தார். "முதல் நாள் சிஸ்டம் வேலை செய்யல்ல. ரெண்டாம் நாள் சிஸ்டம் வேல செய்திச்சி, மிஸ் லீவு. இண்டைக்கு ரெண்டும் இரிக்கி. நான்தான் அடையாள அட்டைய வீட்ட விட்டுட்டு வந்த" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இன்னும் ஐம்பது பேர் போகவேண்டும். நதீரா கீழே இறங்கி, சந்தைப் பக்கம் இருந்த ஒரு துணிக்கடைக்குப் போனாள்.

"வெள்ளைத் துணி வேணும் காக்கா."

அண்ணனைக் கூப்பிடுவதுபோல் அவள் காக்கா என்று கூப்பிட்ட கடைக்காரர் வயதானவர். "கபனுக்கா, இத்தாவுக்கா?" என்றார். அவருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி. மையித்துக்குச் சுற்றுகிற துணி வேறு, இருக்கிறவள் உடுத்துகிற துணி வேறு.

"இத்தாவுக்கு."

"இன்னாலில்லாஹி... ஆரு புள்ள மவுத்து?"

"வாப்பா."

"எப்ப?"

உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார்.

"இண்டைக்கு" என்றாள்.

கடைக்காரர் கையை ஏந்தி ஒரு துஆ ஓதினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, வெட்டுவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அளவு சரிதானே? வெட்டின துணிய நாங்க திருப்பி எடுக்கிறல்ல."

"சரிதான் காக்கா."

கத்தரிக்கோல் துணியில் ஓடிய சத்தம் அவளுக்கு உடம்பெல்லாம் கேட்டது.

*

"மீராசாஹிபு!"

பதினொன்றரைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் டோக்கனில் பதிந்திருந்த பெயரைக் கூப்பிட்டாள். நதீரா எழுந்திருக்கவில்லை. ஒரு கணம் அவளும் மற்றவர்களைப் போல வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

"மீராசாஹிபு இல்லையா?"

அவசரமாக எழுந்து ஓடினாள். மூன்றாவது தரம் கூப்பிட விடக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் யதுசா என்று மேசைப் பலகை சொன்னது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கடல் வந்தபோது சின்னக் குழந்தையாக இருந்திருப்பாள்.

"அவர் எங்க மிஸ்?" என்றாள் யதுசா.

"நான் அவர்ர மகள்."

"மகள் வந்து சரிவராது. அவர்தான் வரணும்."

"அவர் வர ஏலாது. அவர்ர பேரப் பதிவில இருந்து எடுக்கத்தான் நான் வந்த."

யதுசா ஒரு படிவத்தை நீட்டினாள். "அப்ப இத நிரப்புங்க. கீழ அவர் கையெழுத்து வைக்கணும்."

"மவுத்தான ஆள் எப்படிக் கையெழுத்து வைக்கிற?"

யதுசா முதன்முறையாகக் கணினியில் இருந்து கண்ணை எடுத்தாள். மீண்டும் திரையைப் பார்த்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இதில அவர் இருக்காரே மிஸ்."

"எதில?"

"சிஸ்டத்தில. பாருங்க." திரையை நதீராவின் பக்கம் திருப்பினாள். வாப்பாவின் முழுப்பெயர், பிறந்த திகதி, கல்முனைக்குடி வீட்டு விலாசம். அதற்குக் கீழே, பச்சை நிறத்தில்: *செயற்பாட்டில் உள்ளார்.*

நதீரா அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"உள்ள நல்லரெத்தினம் சேரைப் பாருங்க" என்றாள் யதுசா. "பழைய பைல் எல்லாம் அவரிட்டத்தான்."

*

நல்லரெத்தினம் பாண்டிருப்புக்காரர்; நதீரா பள்ளிக்கூட ரீச்சர் என்று முகத்தால் அறிந்தவர். ஓய்வுபெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. மேசையில் பைல்களுக்கு நடுவில் ஒரு தேநீர்க் கோப்பைக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். நதீரா விஷயத்தைச் சொல்லத் தொடங்குமுன்னரே, அவள் நீட்டிய கடிதத்தைப் பார்த்து அவளுடைய வாப்பாவின் பைலை எடுத்து விரித்துவிட்டார்.

"இரும்புக்கடை மீராசாஹிபுதானே? எனக்கும் அவரைத் தெரியும் ரீச்சர். என்ட வீட்டுக் கூரைக்குத் தகரம் அவரிட்டத்தான் எடுத்தது." பக்கங்களைப் புரட்டினார். "ஒழுங்கான மனிசன். கடையத் திரும்பத் திறந்ததில இருந்து ஒரு வருஷம்கூட விடாமப் படிவம் அனுப்பியிருக்கார். பாருங்க, போன வருஷம் மார்ச் மாசமும் கையெழுத்து வச்சி அனுப்பியிருக்கார்."

நதீராவின் கை கைப்பைக்குள் இருந்தது. சத்தியக் கடதாசியின் ஓரம் விரலில் பட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். வாப்பாவின் கையெழுத்துத்தான். 'மீ' பெரிதாகத் தொடங்கி, கடைசி எழுத்து வால் நீட்டி, அடியில் ஒரு கோடு. 2024. அதற்கு முன் 2023. அதற்கு முன் 2022. ஒவ்வொரு பக்கத்திலும் வாப்பா இருந்தார்.

பிறகுதான் அந்தக் கடையை இப்போது நடத்துவது யார் என்ற நினைவு வந்தது. தம்பி மிஹ்லார்.

"நீங்க என்னத்துக்கு வந்திங்க ரீச்சர்?" என்று நல்லரெத்தினம் கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது. "வாப்பா எப்ப..."

கேள்வியை அவர் முடிக்கவில்லை. அவருடைய கண் நதீராவின் கைப்பையில் இருந்து பாதி வெளியே வந்திருந்த கடதாசியில் நின்றது. சத்தியக் கடதாசிகளை முப்பது வருடமாகப் பார்த்தவருக்கு ஓரத்தைக் கண்டாலே போதும், இது கடல் கொண்டுபோனவரின் கதை என்று.

"அத வெளிய எடுக்காதிங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"சேர்..."

"நீங்க ஒரு திகதியச் சொன்னா நான் அத எழுதணும். எழுதினா, அந்தத் திகதிக்குப் பிறகு இதுல கையெழுத்து வச்சது ஆரெண்டு கேக்கணும். கேட்டா அது என்ட கையில இல்ல, பொலிசுக்குப் போயிரும். விளங்குதா?"

நதீராவுக்கு விளங்கியது. வாப்பா மவுத்து என்று எழுதிக்கொடுத்தால் தம்பி உள்ளே போவான். எழுதிக்கொடுக்காவிட்டால் வியாழக்கிழமை வாப்பா நேரில் வரவேண்டும்.

நல்லரெத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ட மனிசியும் அண்டைக்குக் கடலோடதான்" என்றார். "நான் மூணாம் மாசமே சேட்டிபிக்கட் எடுத்துட்டன். சம்பளப் பைலுக்கு வேணும் எண்டாங்க. கையெழுத்து வச்சி வாங்கிக்கொண்டு வெளிய வந்து, வாசல்ல நிண்டன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் விளங்கினது, அவ வாறத்துக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு. எங்க போனாலும் ரெண்டு பேரும் ஒண்டாத்தானே போறது."

அவர் அதைச் சொல்லிவிட்டு அழவும் இல்லை, பெருமூச்சு விடவும் இல்லை. எழுந்தார்.

"நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். பைல பூட்டி வைக்க மறந்துட்டன். நீங்க ஒண்டையும் தொடாதிங்க ரீச்சர்."

மேசையில் கோப்பை நிறையத் தேநீர் ஆறிப்போய் இருந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நதீரா கைத்தொலைபேசியை எடுத்தாள். பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். சிலவற்றை இரண்டு தரம் எடுத்தாள்.

*

கடைப்பலகையில் இன்னும் வாப்பாவின் பெயர்தான். மிஹ்லார் உள்ளே கம்பிக்கட்டு இறக்கிக்கொண்டிருந்த ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். மூத்தவளான ராத்தாவின் முகத்தைக் கண்டதும் சத்தம் நின்றது.

அவன் அட்டாளைச்சேனையில் கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டோடு போய்விட்டவன். இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை அப்படித்தான். கலியாணம் முடிந்தால் வீடு பெண்சாதியினுடையது. அதனால்தான் படிவத்தில் விலாசம் எழுதும்போது, வாப்பாவின் வீடு என்றால் உம்மாவின் வீடுதானே என்று யோசியாமல் எழுதியிருக்கிறான். கடை விலாசத்தை எழுதியிருந்தால் அந்தக் கடிதங்கள் இவன் கையோடு போயிருக்கும்.

"எத்தின வருஷமா தம்பி?"

எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.

"பன்ரெண்டாம் ஆண்டில இருந்து" என்றான். "கட்டார்ல இருந்து வந்து கடையத் திறந்தன் தானே, அப்ப இருந்து. ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த கட. பேங்குல வரிக் கடதாசி கேட்டாங்க. கட வாப்பாட பேர்ல. என்ட பேருக்கு மாத்த வாப்பாட மவுத்துச் சேட்டிபிக்கட் வேணும். உம்மாக்கிட்ட ஆரு போய்க் கேக்கிற? நீ கேப்பியா?"

நதீராவும் கேட்கமாட்டாள்.

"ஒரு தரம் மட்டும் எண்டுதான் வச்சன் ராத்தா. அடுத்த வருஷமும் கேட்டாங்க."

"வாப்பாட கையெழுத்த எங்க பழகின?"

மிஹ்லார் மேசை லாச்சியைத் திறந்து, மஞ்சளாகிப்போன ஒரு அட்டையை எடுத்து வைத்தான். ஆறாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை. கணக்கில் முப்பத்தொன்று. அந்த வெட்கக்கேடான புள்ளிக்குப் பக்கத்தில் வாப்பாவின் கையெழுத்து.

"அண்டைக்கு எனக்கு நல்ல அடி" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஒவ்வொரு மார்ச் மாசமும் இதப் பாத்துத்தான் எழுதுற. எழுதக்குள்ள பின்னுக்கு நிண்டு பாக்கிறாப்ல இரிக்கும். திரும்பிப் பாக்கப் பயம். பதிமூணு வருஷமா ஒருக்காவும் திரும்பிப் பாக்கல்ல."

திட்டவேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் நதீராவுக்கு உதவவில்லை. உம்மா சேலை நிறத்தால் வாப்பாவை இருக்கவைத்தாள். இவன் பேனையால் இருக்கவைத்தான். மகள் என்று இருந்த தான்தான் ஒன்றும் செய்யவில்லை என்று அவளுக்கு ஒரு பொறாமைகூட வந்தது. கூடவே, வியாழக்கிழமைக்கு இடையில் புதன் ஒன்றுதான் இருக்கிறது என்ற நினைவும் வந்தது.

கைத்தொலைபேசியை அவனிடம் கொடுத்தாள். "பாரு. எல்லாம் உன்டதானே?"

அவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். "ஓம்... ஓம்... இதும் நான்தான்... இது..." விரல் நின்றது. "இது என்ன ராத்தா?"

டைப் அடித்த ஒரு கடிதம். தமிழில். கந்தோர் ஏதோ விசாரித்ததற்கான பதில். இரண்டே வரி.

*தங்கள் கடிதம் கிடைத்தது. நான் தற்போது ஊரில் இல்லை. திரும்பியதும் நேரில் சமுகமளிப்பேன்.*

கீழே வாப்பாவின் கையெழுத்து. திகதி, 2009 ஆகஸ்ட் 3.

"ஒன்பதாம் ஆண்டு நான் கட்டார்ல" என்றான் மிஹ்லார். "சத்தியமா இது நான் இல்ல."

நதீரா படத்தைப் பெரிதாக்கினாள். கையெழுத்துக்குக் கீழே, பேனையால், சின்ன எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. *ஷஃபான் பிறை 11.*

அவள் கம்பிக்கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வாப்பா பெறுமதியான கடதாசிகளில் கையெழுத்து வைத்தால், அடியில் இஸ்லாமிய மாதப் பிறைக்கணக்கில் அன்றைய நாளையும் எழுதுவார். நதீராவுக்குச் சீதனமென்று சின்ன வயதிலேயே எழுதிவைத்த வீட்டின் உறுதிப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. பள்ளிக்கூட அறிக்கையின் சின்னப் பெட்டிக்குள் அதற்கு இடமில்லை. அதனால் மிஹ்லாருக்கு அந்தப் பழக்கமே தெரியாது. அவன் வைத்த எந்தக் கையெழுத்துக்குக் கீழும் பிறை இல்லை.

இந்த ஒன்றில் இருக்கிறது.

"ராத்தா" என்றான் தம்பி, சின்னப்பிள்ளைக் குரலில். "வாப்பா இரிக்காரா?"

*

வீட்டுக்கு வந்தபோது அஸர் ஆகியிருந்தது. உம்மா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். உள்ளறை வாசலில் திரைச்சீலை தொங்கியது. அவளுடைய நிறச் சேலைகளெல்லாம் மடித்து ஒரு பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தன. கையில் கிடந்த இரண்டு காப்பையும் கழற்றிவிட்டிருந்தாள். காப்பு இருந்த இடத்தில் தோல் வெளிறிக் கிடந்தது.

"கடதாசியக் குடுத்தியா?"

"இல்ல உம்மா."

நதீரா பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை எழுத்தில் இருந்து தொடங்கி, தம்பியின் கையெழுத்துவரை சொன்னாள். மிஹ்லார் பற்றிச் சொல்லும்போது உம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். பயந்தது வீண்.

"அவன் வைக்கிறது எனக்குத் தெரியும்" என்றாள் உம்மா.

"எப்படி?"

"ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாசத்தில ஒரு நாள் வருவான். சோறு தின்னுவான். என்ட முகத்தப் பாக்காமப் போவான். அவன் அப்படி ஒருநாளும் இருக்கிறவன் இல்ல. பெத்தவளுக்கு விளங்காதா?" திரைச்சீலையின் மடிப்பைச் சரிசெய்தாள். "நான் அவர இரிக்காரெண்டு சொன்ன பாவத்துக்கு என்ட புள்ள மாட்டிக்கிட்டான்."

அந்தக் குரல் உடைந்தது. நதீராவும் அழுதாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

பிறகுதான் நதீரா சொன்னாள். "உம்மா, பைலுக்குள்ள இன்னொரு கடதாசி இரிக்கி. அது தம்பி வச்சதில்ல. ஒன்பதாம் ஆண்டு."

கைத்தொலைபேசி இன்னும் அவளுடைய கைப்பைக்குள்ளேதான் இருந்தது. படத்தைக் காட்டவில்லை. கடிதத்தில் என்ன இருந்தது என்றும் சொல்லவில்லை.

உம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஷஃபான் பிறை பதினொண்டு."

நதீராவின் கை பைக்குள் அப்படியே நின்றது. அந்த வருடம் அவள் ஆசிரியர் கலாசாலை விடுதியில். தம்பி கட்டாரில். இந்த வீட்டில் உம்மா மட்டும்.

"உம்மா... அத எழுதினது ஆரு?"

உம்மா எழுந்து, மேசையில் இருந்த துணிப்பையைத் திறந்து வெள்ளைத் துணியை வெளியே எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். தன் தோளில் ஒருதரம் வைத்துப் பார்த்தாள். பிறகு வந்த மடிப்பு மாறாமல் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கடையில திருப்பி எடுப்பாங்களா புள்ள?"

கடைக்காரர் சொன்னது நதீராவின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

உம்மா பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அடியில் இருந்து ஒரு ஊதாச் சேலையை இழுத்தெடுத்தாள். பழைய சேலை. அதை உம்மா உடுத்து நதீரா பார்த்ததே இல்லை.

"வியாழக்கிழம கந்தோருக்கு நான் வாறன். இத அயன் பண்ணி வை."

"உம்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ஹாஜறா உம்மா சேலையை மகளின் மடியில் வைத்தாள். முகத்தில் பயமும் இல்லை, பைத்தியமும் இல்லை. கழற்றி வைத்திருந்த காப்பை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பிறையிலயும் தன்னப் பாக்க அவர் இதத்தான் உடுத்துட்டு வரச் சொன்னார்."